பாம்புக்கடி மருந்து, மலைச்சாலை, புலிகள் காப்பகம்: ஊர்ப் பிரச்சினையை அவையில் கேள்வியாக்குவது எப்படி?

மலைக்கிராமம் ஒன்றில் இரவு பத்து மணிக்கு ஒருவரைக் கட்டுவிரியன் கடித்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் விஷமுறிவு மருந்து இருக்கிறதா, அந்த நேரத்தில் மருத்துவர் இருக்கிறாரா, 108 வண்டி எவ்வளவு தூரத்திலிருந்து வர வேண்டும், காட்டுச் சாலையில் சோதனைச் சாவடியைக் கடக்க எவ்வளவு நேரமாகும்? கடிபட்டவர் பிழைப்பது இந்த நான்கையும் பொறுத்தது. ஆனால் இந்த நான்குக்கும் பதில் சொல்ல வேண்டியவர்கள் ஒரே துறையில் இல்லை. ஒரே அரசில்கூட இல்லை.

நம் ஊர்களில் மனு எழுதத் தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்கிழமை தோறும் வரிசையில் நிற்கிறோம். மனு எந்த மேசையில் எத்தனை நாள் கிடக்கும் என்று யாரும் சொல்ல முடியாது. சட்டமன்ற உறுப்பினரோ நாடாளுமன்ற உறுப்பினரோ எழுப்பி, அனுமதிக்கப்பட்ட ஒரு கேள்வியின் கதை வேறு. அதற்கு அமைச்சர் பெயரில் பதில் வந்தாக வேண்டும். அந்தப் பதில் அவைப் பதிவில் நிரந்தரமாக இருக்கும். பிறகு யாரும் அதை "நான் அப்படிச் சொல்லவில்லை" என்று மறுக்க முடியாது. கேள்வி கேட்பது உறுப்பினரின் உரிமைதான். ஆனால் எதைக் கேட்க வேண்டும், எப்படிக் கேட்க வேண்டும் என்று எடுத்துக் கொடுப்பது ஊர்க்காரர்களால் முடிகிற வேலை. அதைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்கிறேன்.

முதல் படி: எந்த அவை, எந்தத் துறை?

பெரும்பாலான கேள்விகள் இங்கேயே தவறிவிடுகின்றன. எந்த விஷயம் ஒன்றியத்துடையது, எது மாநிலத்துடையது என்று பட்டியலிடும் அரசமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணையை ஒரு முறை எடுத்துப் பார்த்துவிட்டு எழுத உட்காருங்கள். பொது சுகாதாரம், மருத்துவமனைகள் எல்லாம் மாநிலப் பட்டியல். ரயிலும் தேசிய நெடுஞ்சாலையும் ஒன்றியப் பட்டியல். மற்ற சாலைகள் மாநிலத்துடையவை. மருந்துகள் இரண்டு அரசுக்கும் உரிய பொதுப் பட்டியல். காடும் காட்டுயிர்ப் பாதுகாப்பும் முதலில் மாநிலப் பட்டியலில் இருந்தன. 1976-ல் 42-வது திருத்தத்தின் மூலம் பொதுப் பட்டியலுக்குப் போயின. அதனால் காட்டுயிர் பற்றி இரண்டு இடத்திலும் கேட்கலாம். கேட்கிற விஷயம்தான் மாற வேண்டும்.

சரி, நம் பாம்புக்கடிக்கு வருவோம். சுகாதார நிலையத்தில் மருந்து இருப்பு, மருத்துவர் பணியிடம், 108 வண்டி மூன்றும் மாநில அரசு. கேட்க வேண்டிய இடம் சட்டமன்றம். பாம்புக்கடி மரணங்களை 2030-க்குள் பாதியாகக் குறைக்க ஒன்றிய சுகாதார அமைச்சகம் 2024 மார்ச்சில் ஒரு தேசியச் செயல்திட்டம் வெளியிட்டது. அந்தத் திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு என்ன கிடைத்தது என்பது நாடாளுமன்றத்தில் கேட்க வேண்டியது. 2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியை மருத்துவமனைகள் கட்டாயமாகத் தெரிவிக்க வேண்டிய ஒன்றாக அறிவித்தது. அதன் பிறகு எத்தனை பதிவாகியிருக்கிறது என்பது மறுபடியும் சட்டமன்றக் கேள்வி.

மருந்து தயாரிக்கத் தேவையான விஷம் எங்கிருந்து வருகிறது? சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் 1978-ல் தொடங்கப்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம், நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கிலிருந்தும் விஷம் எடுத்து மருந்து நிறுவனங்களுக்குக் கொடுக்கிறது. 1972-ம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி, பாம்பு பிடிக்க அவர்களுக்கு வனத்துறை அனுமதி வேண்டும். ஆக, மருந்து தட்டுப்பாடு பற்றிய ஒரு கேள்வி வனத்துறை அமைச்சரிடம் போக வேண்டியதாகவும் இருக்கலாம். இதை முதன்முதலில் புரிந்துகொண்டபோது எனக்கே வியப்பாக இருந்தது.

அப்புறம் சாலை. ஈரோடு மாவட்டத்தில் திம்பம் மலைப்பாதையை எடுத்துக்கொள்ளுங்கள். 27 கொண்டை ஊசி வளைவுகள், சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்துக்கு நடுவே போகிற தேசிய நெடுஞ்சாலை. பண்ணாரிக்கும் காரப்பள்ளத்துக்கும் இடையே இரவுப் போக்குவரத்துத் தடையை அமல்படுத்தச் சென்னை உயர் நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் உத்தரவிட்டது. மலைக்கு மேலே இருக்கும் தாளவாடி மக்கள் போராடினார்கள். ஆம்புலன்ஸுக்கு விலக்கு இருந்தது; உள்ளூர் மக்களுக்கும் பிற்பாடு தளர்வு கிடைத்தது. இந்த ஒரே சாலைக்குள் ஒன்றிய நெடுஞ்சாலை அமைச்சகம், அதே ஒன்றியத்தின் சுற்றுச்சூழல் அமைச்சகத்துக்குக் கீழே வரும் தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையம், மாநில வனத்துறை, மாவட்ட ஆட்சியர், நீதிமன்றம் என்று ஐந்து கைகள் இருக்கின்றன. "தடையை நீக்குமா அரசு?" என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டால் ஒவ்வொருவரும் அடுத்தவரைக் காட்டிவிடலாம். வழக்கு நிலுவையில் இருந்தால் கேள்வியே அனுமதிக்கப்படாது. நீதிமன்ற விசாரணையில் இருக்கும் விஷயத்தைக் கேட்க விதி இடம் தருவதில்லை.

அதற்காக மௌனமாக இருக்க வேண்டியதில்லை. அந்தச் சாலையில் வண்டி மோதி இறந்த விலங்குகள் ஆண்டுவாரியாக எத்தனை, இரவில் சாவடியைக் கடந்த ஆம்புலன்ஸ்கள் எத்தனை, மலைக்கு மேலே நிறுத்தியிருக்கும் 108 வண்டிகள் எத்தனை என்று கேட்கலாம். தீர்ப்பைத் தொடாத வெறும் தகவல்கள் இவை. காட்டுக்காகப் பேசுகிறவர்களுக்கும் வேண்டும், மலையில் வாழ்கிறவர்களுக்கும் வேண்டும்.

இரண்டாம் படி: ஏற்கெனவே சொல்லியிருக்கிறார்களா என்று பாருங்கள்

இது சலிப்பான வேலை, ஆனால் தவிர்க்கக் கூடாது. முன்பே பதில் சொன்ன கேள்வியை அப்படியே திரும்பக் கேட்டால் நிராகரிப்பார்கள். எளிதில் கிடைக்கும் ஆவணத்தில் இருப்பதைக் கேட்டாலும் அப்படித்தான். நாடாளுமன்றத்தின் சன்சத் இணையதளத்தில் இரு அவைகளின் கேள்வி பதில்களையும் அமைச்சகம், உறுப்பினர் பெயர், தலைப்பு என்று தேடலாம். மாநிலத்துக்கு, மானியக் கோரிக்கையின்போது ஒவ்வொரு துறையும் வைக்கும் கொள்கை விளக்கக் குறிப்பைப் படியுங்கள். தமிழிலேயே இருக்கும். போன ஆண்டுக் குறிப்பையும் இந்த ஆண்டுக் குறிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எந்த எண் காணாமல் போயிருக்கிறதோ, அதுவே நல்ல கேள்விக்கு விதை.

மூன்றாம் படி: கேள்வியை எழுதுவது

இதில் நிதானமாக உட்காருங்கள். நான் எழுதிக் கொடுத்த முதல் கேள்வி இப்படி இருந்தது: "மலைக்கிராமங்களில் பாம்புக்கடி மருந்துக்குக் கடும் தட்டுப்பாடு நிலவுவது அரசுக்குத் தெரியுமா? தெரியுமெனில், எடுத்த நடவடிக்கை என்ன?" படிக்க நன்றாகத்தான் இருந்தது. வந்த பதில் இரண்டே வரி. (அ) இல்லை. (ஆ) கேள்வி எழவில்லை.

அந்த "எழவில்லை" என்ற சொல் எனக்குப் பல நாள் உறுத்தியது. பிறகுதான் புரிந்தது, அப்படிச் சொல்ல வழி விட்டதே என் கேள்விதான். "தட்டுப்பாடு" என்பது என் முடிவு. அதை மறுக்க ஒரு சொல் போதும். இரண்டாம் பகுதி முதல் பகுதியில் தொங்கிக்கொண்டிருந்தது. முதல் பகுதி விழுந்ததும் இதுவும் விழுந்துவிட்டது.

அதே விஷயத்தை இன்று இப்படி எழுதுவேன்:

"மருத்துவம் மற்றும் மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சர் பின்வருவனவற்றைத் தெரிவிப்பாரா:
(அ) தாளவாடி வட்டாரத்தில் உள்ள ஒவ்வோர் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் 2025 மார்ச் 31 அன்று இருந்த பாம்பு விஷமுறிவு மருந்துக் குப்பிகள் எத்தனை;
(ஆ) ஒவ்வொரு நிலையத்திலும் எப்போதும் இருக்க வேண்டிய குறைந்தபட்சக் குப்பிகள் எத்தனை என்று நிர்ணயிக்கப்பட்டுள்ளது;
(இ) அந்நிலையங்களில் அனுமதிக்கப்பட்ட மருத்துவர் பணியிடங்கள் எத்தனை, நிரப்பப்பட்டவை எத்தனை;
(ஈ) 2024 டிசம்பர் முதல் அங்கு பதிவான பாம்புக்கடிகள், மேல்சிகிச்சைக்கு அனுப்பப்பட்டவர்கள், இறந்தவர்கள் மாதவாரியாக எத்தனை பேர்;
(உ) இந்த எண்ணிக்கை எவ்வாறு திரட்டப்படுகிறது?"

ஒவ்வொன்றும் தனியாக நிற்கிறது. ஒன்றுக்கு மழுப்பலாகப் பதில் வந்தாலும் மற்றது தப்பிக்கும். "ஒவ்வோர்" என்ற சொல் இல்லாவிட்டால் மாவட்டம் முழுவதற்கும் கூட்டி ஒரு பெரிய எண் வரும். மாவட்டத் தலைமை மருத்துவமனையில் இருக்கும் குப்பிகள் மலையில் இருக்கிறவருக்கு இரவில் உதவாது. தேதி போடாவிட்டால் "போதுமான இருப்பு உள்ளது" என்று முடித்துவிடுவார்கள். (ஆ) இல்லாமல் (அ)-வுக்கு மதிப்பில்லை. பத்துக் குப்பி போதுமா போதாதா என்று அளக்க அரசின் அளவுகோலே நமக்கு வேண்டும்.

கடைசிக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. எனக்கு அதுதான் முக்கியம். இந்தியாவில் 2000 முதல் 2019 வரை ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்திருக்கலாம் என்பது மரணக் கணக்கெடுப்பை வைத்து ஆய்வாளர்கள் கணித்த எண். அரசு மருத்துவமனைப் பதிவுகளில் வரும் எண் இதைவிட மிகச் சிறியது. வீட்டிலேயே இறந்தவர், வழியில் இறந்தவர், மந்திரிக்கப் போய் இறந்தவர் மருத்துவமனைப் பதிவில் வருவதில்லை. எப்படித் திரட்டினீர்கள் என்று கேட்டால்தான் யார் விடுபட்டார்கள் என்று தெரியும்.

மற்ற விதிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மக்களவையில் ஒரு கேள்வி 150 சொற்களைத் தாண்டக் கூடாது. வாதம், குற்றச்சாட்டு, கிண்டல், அடைமொழி கூடாது. அமைச்சரின் கருத்தைக் கேட்கக் கூடாது. "இப்படி நடந்தால் என்ன செய்வீர்கள்" என்ற கற்பனையும் கூடாது. தேவையில்லாமல் எவர் பெயரையும் இழுக்கக் கூடாது. கோபத்தை ஊர்க்கூட்டத்தில் பேசிக்கொள்ளுங்கள். கேள்வியில் எண்ணும் இடமும் தேதியும் மட்டும் இருக்கட்டும்.

நான்காம் படி: யாரிடம், எப்போது?

நாடாளுமன்றக் கேள்விக்குக் குறைந்தது 15 முழு நாட்கள் முன்னறிவிப்பு வேண்டும். அதனால் பட்ஜெட், மழைக்கால, குளிர்காலக் கூட்டத்தொடர் எதுவானாலும், தொடங்க ஒரு மாதம் இருக்கும்போதே உறுப்பினர் கையில் உங்கள் தாள் இருக்க வேண்டும். கூட்டம் தொடங்கிய பிறகு ஓடுவதில் பயனில்லை.

மக்களவையில் ஒரு நாளைக்கு 20 நட்சத்திரக் குறியிட்ட கேள்விகளும் (வாய்மொழிப் பதிலுக்கு) 230 நட்சத்திரக் குறியிடாத கேள்விகளும் (எழுத்துப் பதிலுக்கு மட்டும்) பட்டியலில் வரும். மாநிலங்களவையில் 15, 160. குவியும் அறிவிப்புகளில் எவை பட்டியலுக்குப் போகும் என்பதைக் குலுக்கல்தான் முடிவு செய்கிறது. எனவே ஒரே உறுப்பினரை நம்பியிருக்காதீர்கள். தமிழ்நாட்டுக்கு மக்களவையில் 39 பேர், மாநிலங்களவையில் 18 பேர் இருக்கிறார்கள். கட்சி பார்க்காமல் மூன்று நான்கு பேரிடம் கொடுங்கள். ஒரே கேள்வியைப் பலர் கொடுத்தால் பெயர்களைச் சேர்த்து ஒன்றாக்கிவிடுவார்கள், யாருக்கும் நஷ்டமில்லை. உங்கள் தொகுதி உறுப்பினர் அமைச்சராக இருந்தால் அவர் கேள்வி கேட்க மாட்டார். பக்கத்துத் தொகுதிக்காரரிடம் போங்கள்.

நட்சத்திரக் குறியிட்டதற்கு அமைச்சர் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டும். துணைக் கேள்வியும் கேட்கலாம். கேட்பதற்கே கவர்ச்சியாக இருக்கும். ஆனால் அந்த ஒரு மணி நேரத்தில் நான்கைந்து கேள்விகள்தான் வாய்மொழியாக எடுக்கப்படும். மீதியெல்லாம் எழுத்துப் பதில்தான். ஊர்வாரியான எண்கள் வேண்டுமென்றால் என் பரிந்துரை நட்சத்திரக் குறியிடாத கேள்வி. அட்டவணையாகவே வரும். கொள்கையில் ஓட்டை இருக்கிறது, அதை மக்கள் பார்க்க வேண்டும் என்றால் நட்சத்திரக் கேள்வியை முயலுங்கள். அப்போது துணைக் கேள்விகள் இரண்டையும் எழுதி உறுப்பினரிடம் கொடுத்துவிடுங்கள். அமைச்சர் "ஆம்" என்றால் கேட்க வேண்டியது ஒன்று, "இல்லை" என்றால் கேட்க வேண்டியது இன்னொன்று.

ஒரே விஷயத்தை இரண்டு அமைச்சகத்துக்கும் தனித்தனியாகப் பிரித்து அனுப்பவும் தயங்காதீர்கள். 2021 நவம்பரில் கோவை மாவட்டம் நவக்கரை அருகே ரயில் மோதி மூன்று யானைகள் இறந்தன. இப்படிப்பட்ட விபத்தில் யானைகளின் எண்ணிக்கை சுற்றுச்சூழல் அமைச்சகத்திடம் இருக்கும். அந்த இரவில் அந்த ரயில் என்ன வேகத்தில் போனது, வேகக் கட்டுப்பாடு எவ்வளவு, ஓராண்டில் எத்தனை முறை மீறப்பட்டது என்பதெல்லாம் ரயில்வேயிடம். ஒருவரிடம் மட்டும் கேட்டால் பாதிக் கதைதான் கிடைக்கும்.

கேள்வியை எடுத்துச் செல்லும்போது ஒரு பக்கக் குறிப்பு, பத்திரிகைச் செய்தி நகல், முந்தைய பதிலின் நகல் மூன்றும் இணைத்துக் கொடுங்கள். உதவியாளருக்கு வேலை குறைந்தால் உங்கள் தாள் மேலே வரும். பணமோ பரிசோ எந்த வடிவிலும் வேண்டாம். கேள்வி கேட்கப் பணம் வாங்கியதற்காக 2005 டிசம்பரில் 11 நாடாளுமன்ற உறுப்பினர்கள் பதவி நீக்கப்பட்டார்கள்.

ஐந்தாம் படி: பதிலைப் படிப்பது

கேள்வி எழுதுவதைவிட இது கடினம். பதிலில் இருக்கிற ஒவ்வொரு சொல்லும் அளந்து வைத்தது. 2021 ஜூலை 20 அன்று மாநிலங்களவையில் கொரோனா இரண்டாம் அலையின்போது ஆக்சிஜன் பற்றாக்குறையால் நேர்ந்த மரணங்கள் பற்றிக் கேட்கப்பட்டது. ஒன்றிய சுகாதார அமைச்சகத்தின் பதிலின் சாரம்: சுகாதாரம் மாநில விஷயம்; மாநிலங்கள் மரணங்களைத் தெரிவிக்கின்றன; ஆக்சிஜன் பற்றாக்குறையால் நேர்ந்த மரணம் என்று குறிப்பாக எந்த மாநிலமும் தெரிவிக்கவில்லை. செய்தியைக் கேட்டவர்களுக்கு "யாரும் சாகவில்லை" என்று அரசு சொன்னதாகத் தோன்றியது, நாடே கொதித்தது. பதில் சொன்னது "எங்களுக்குத் தெரிவிக்கப்படவில்லை" என்பதை. அதிலிருந்து அடுத்த கேள்வி பிறக்க வேண்டும்: மரணங்களைத் தெரிவிக்க மாநிலங்களுக்குக் கொடுத்த படிவத்தில் ஆக்சிஜன் பற்றாக்குறையைக் குறிக்க இடம் இருந்ததா? அந்த மரணங்களை ஏன் கணக்கில் கொண்டுவரவில்லை என்று மாநிலத்தில் சட்டமன்ற உறுப்பினர்கள் கேட்டார்களா? இரண்டு அவையிலும் ஒரே நேரத்தில் கேட்டிருந்தால் பழியைத் தள்ளிவிட இடமே இருந்திருக்காது.

இன்னோர் எடுத்துக்காட்டு. 2020 செப்டம்பர் கூட்டத்தொடரில் கொரோனாவைக் காரணம் காட்டி வாய்மொழிக் கேள்வி நேரமே இல்லை. எழுத்துப் பதில்கள் மட்டும் வந்தன. ஊரடங்கில் இறந்த புலம்பெயர் தொழிலாளர்கள் எத்தனை பேர் என்பதற்குத் தொழிலாளர் அமைச்சகம் அப்படிப்பட்ட தரவு இல்லை என்றது. அதே கூட்டத்தொடரில், ஊரடங்கில் அந்தத் தொழிலாளர்களை ஊருக்கு அனுப்ப ஓடிய ஷ்ராமிக் சிறப்பு ரயில்களில் பயணத்தின்போது இறந்தவர்கள் எத்தனை பேர் என்று ரயில்வேயிடம் கேட்டபோது செப்டம்பர் 9 வரை 97 பேர் என்று எண் வந்தது. பரந்த கேள்விக்கு வெறுங்கை, குறுகிய கேள்விக்கு ஓர் எண். இறந்தவர்களின் கணக்கில் இது மிகச் சிறிய பகுதிதான். ஆனாலும் அந்த 97 பேர் பதிவில் இருக்கிறார்கள்.

படிக்கும்போது பென்சிலால் அடிக்கோடிடுங்கள். "அவ்வப்போது", "தேவைக்கேற்ப", "உரிய நடவடிக்கை" வரும் இடங்களில் தகவல் எதுவும் இல்லை. "மாநிலங்கள் அளித்த தகவலின்படி" என்றால் பொறுப்பு கைமாறிவிட்டது. நீங்கள் ஐந்து உட்பிரிவு கேட்டு, பதில் "(அ) முதல் (உ) வரை" என்று ஒரே பத்தியாக வந்தால், ஒவ்வொன்றுக்கும் பதில் இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். விடுபட்டதுதான் உங்கள் அடுத்த கேள்வி.

ஆறாம் படி: விடாமல் துரத்துவது

"தகவல் திரட்டப்படுகிறது, அவையில் வைக்கப்படும்", "பரிசீலனையில் உள்ளது" என்ற சொற்கள் பதிலில் வந்தால் சோர்ந்துவிடாதீர்கள். அவை உறுதிமொழியாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படும். அதற்கென்றே அரசு உறுதிமொழிக் குழு இருக்கிறது. மக்களவையில் 1953-லிருந்து, மாநிலங்களவையில் 1972-லிருந்து. தமிழ்நாடு சட்டமன்றத்திலும் உண்டு. நாடாளுமன்றத்தில் மூன்று மாதத்துக்குள் உறுதிமொழியை நிறைவேற்ற வேண்டும். முடியாவிட்டால் அமைச்சகம் காலநீட்டிப்பு கேட்க வேண்டும். பதில் வந்த தேதியிலிருந்து மூன்று மாதத்தை நாட்காட்டியில் குறித்துவையுங்கள். அன்று உறுப்பினரின் அலுவலகத்துக்குப் போன் செய்யுங்கள்.

மதுரை எய்ம்ஸ் விஷயத்தைப் பாருங்கள். 2018 டிசம்பரில் 1,264 கோடி ரூபாய்க்கு அமைச்சரவை ஒப்புதல். 2019 ஜனவரியில் தோப்பூரில் அடிக்கல். 2021 மார்ச்சில் ஜப்பானிய நிதி நிறுவனத்துடன் கடன் ஒப்பந்தம். பிறகு திட்டச் செலவு 1,977 கோடியைத் தாண்டியது. 2022-ல் முதல் 50 மாணவர்கள் ராமநாதபுரம் மருத்துவக் கல்லூரிக் கட்டடத்தில் படிக்கத் தொடங்கினார்கள். மதுரையில் இருக்கிற சாதாரண மனிதர்களுக்குக்கூட இந்தத் தேதிகள் தெரிவதற்குக் காரணம், இரு அவைகளிலும் தமிழ்நாட்டு உறுப்பினர்கள் திரும்பத் திரும்பக் கேட்டதுதான். கேட்டதால் மருத்துவமனை மறுநாளே எழுந்துவிடவில்லை. ஆனால் ஏன் தாமதம், செலவு ஏன் கூடியது என்று அரசு ஒவ்வொரு முறையும் எழுத்தில் விளக்க வேண்டியிருந்தது. உங்கள் ஊர் விஷயத்துக்கும் இப்படி ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். இடப்பக்கம் பதில் வந்த தேதி, வலப்பக்கம் அரசு சொன்ன எண்.

ஏழாம் படி: பதிலை ஊருக்குக் கொண்டு வருவது

பலர் பதிலை வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டு நின்றுவிடுகிறார்கள். அந்தத் தாளை அச்செடுத்து, கிராம சபைக்கு எடுத்துச் செல்லுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு நாள் இருக்கிறது. எது முன்னால் வருகிறதோ, அன்று படித்துக் காட்டுங்கள். செவிலியர், கிராம சுகாதாரப் பணியாளர், வனக்குழு உறுப்பினர், ஆம்புலன்ஸ் ஓட்டுநர் எல்லோரும் கேட்கட்டும். "எங்கள் நிலையத்தில் 20 குப்பி இருந்ததாகப் போட்டிருக்கிறார்களே, அன்றைக்கு இரண்டுதான் இருந்தது" என்று ஒருவர் சொன்னால், அவரைக் காட்டிக்கொடுக்காமல் அந்தத் தேதியின் இருப்புப் பதிவேட்டைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பத்து ரூபாய்க் கட்டணம், 30 நாள் கெடு. பதிவேட்டு நகலும் அமைச்சரின் பதிலும் பொருந்தவில்லை என்றால் இரண்டையும் ஒன்றாகத் தைத்து, கேள்வி எழுப்பிய அதே உறுப்பினரிடம் கொடுங்கள். தவறான பதிலைச் சுட்டிக்காட்ட அவருக்கு அவையில் வழி இருக்கிறது. அவர் செய்ய வேண்டியது அவைத்தலைவருக்கு ஒரு கடிதம் எழுதுவது. அதன் வரைவையும் நீங்களே எழுதி எடுத்துப் போங்கள்.